படகுக்குக் கணக்கு உண்டு, கைகளுக்கு?

தோழர்களே, 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுநீர் யாருக்கு என்பதே அன்றைய கேள்வி. எண்ணூரில் இன்று நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் எண்ணூர் கழிமுகம் வடசென்னைக்குச் சோறு போட்ட இடம். மழைவெள்ளம் கடலுக்கு வடியும் வழியும் அதுவே. மீனவக் குப்பத்தார் படகும் வலையும் கொண்டு தொழில் செய்கிறார்கள். இருளர்களோ பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள்.

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும் 2001இல் எண்ணூர் துறைமுகமும் வந்தன. சாம்பல் குழாய்கள் கசியக் கசிய ஆற்றின் ஆழம் தூர்ந்தது. இறால் வாழும் சேற்றின் மேல் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். மின்சாரம் ஊருக்கு, சாம்பல் சேரிக்கு.

1996இல் ஒன்றிய அரசு ஏற்ற கடலோர வரைபடத்தில் இக்கழிமுகம் கட்டுமானத் தடைப் பகுதி. பின்னர் மாநில அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகத்தையே காணோம்! சேரியை விட்டுவிட்டு ஊரை வரைந்தவர்களை நாம் அறிவோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

படகை எண்ணிவிடலாம். கையே தொழில்கருவியாக இருப்பவரின் இழப்பை எதை வைத்து எண்ணுவது? படகு, வலை, சங்க அட்டை ஆகியவற்றால் மட்டும் மீனவரை அடையாளம் கண்டால், நீரில் நாள் முழுக்க நிற்பவர் கணக்கின் விளிம்பில்தான் நிற்பார்.

சூழலியல் பேசும் மாணவர்களே, அலையாத்தியையும் பறவைகளையும் எண்ணுங்கள், நல்லது. கூடவே நிவாரணப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, இருளர் குடியிருப்புகளுக்கு எடுத்துச் சென்று வீடு வீடாகச் சரிபாருங்கள். விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் எழுதி ஆட்சியரிடம் கொடுப்போம். ஆற்றை மீட்கும் வேலையில் அதுவும் பாதி.