சீமெந்துக் குழிக்குள் ஒரு காடு: மொம்பாசாவும் நாமும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

கென்யாவின் மொம்பாசா நகரம் எமது வரலாற்றுக்கு அந்நியமான ஊரல்ல. இப்னு பதூதா 1331 ஆம் ஆண்டு அங்கே ஓர் இரவு தங்கினார். அந்த மக்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள், மார்க்கப் பற்றுள்ளவர்கள், பள்ளிவாசல்களை மரத்தால் கட்டியிருக்கிறார்கள் என்று தன் பயணக் குறிப்பில் சொன்னார். அதே மனிதர் 1344 இல் எமது கரையிலும் இறங்கினார். அவர் ‘பத்தாலா’ என்று குறிப்பிட்ட ஊர் எமது புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அங்கேதான் அவர் ஆரியச் சக்கரவர்த்தி மன்னரைச் சந்தித்தார்.

இரண்டு ஊர்களையும் இணைக்கும் இன்னொன்றும் உண்டு. இங்கும் அங்கும் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். இங்கும் அங்கும் அதைத் தோண்டிச் சீமெந்து ஆக்கினார்கள். தோண்டி முடிந்த குழியை என்ன செய்வது என்ற கேள்வியும் இரண்டு ஊருக்கும் வந்தது.

மொம்பாசாவின் வடக்கே பம்புரி என்ற இடத்தில் 1951 இல் ஃபீலிக்ஸ் மாண்டல் என்பவர் சீமெந்துக் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். 1954 இல் உற்பத்தி ஆரம்பமானது. அந்தக் கரையோரம் முழுவதும் பழங்காலத்து முருகைக்கற்பாறை. மேலிருந்த மரமும் மண்ணும் வழிக்கப்பட்டன. பாறை வெட்டப்பட்டது. வருடங்கள் போகப் போக அங்கே மிஞ்சியது வெள்ளை வெளேரென்ற ஒரு பள்ளம். மண் இல்லை, நிழல் இல்லை. கொஞ்சம் தோண்டினால் உவர்த் தண்ணீர். புல்கூட முளைக்காத இடம்.

இன்று அந்த இடத்துக்குப் பெயர் ஹாலர் பூங்கா. மொம்பாசாவுக்குப் போகிறவர்கள் ஒரு பகல் முழுக்க அங்கே மரநிழலில் நடக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் உணவு கொடுக்கிறார்கள். நீர்யானை, முதலை, காட்டெருமை, மான் வகைகள், பாதையிலேயே மெதுவாக நகரும் பெரிய ஆமைகள் என்று பார்த்துக்கொண்டு போகிறார்கள். காலடியில் இருப்பது ஒரு காலத்தில் சீமெந்துக்காக வெட்டிய பாறை என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

இது எப்படி நடந்தது? எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய பகுதி இதுதான்.

ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அந்தக் கம்பனியில் தோட்ட வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1971 இல் அந்தப் பள்ளத்தை உயிர்ப்பிக்கும் வேலையைத் தொடங்கினார். 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். தப்பியது மூன்று வகை மட்டும்: தென்னை, டமாஸ், சவுக்கு. டமாஸ் இன மரத்தைச் சவூதிக்கும் கத்தாருக்கும் வேலைக்குப் போய் வந்தவர்கள் வீதியோரங்களில் பார்த்திருப்பீர்கள். சவுக்கு எமது கடற்கரைகளில் நிற்பதுதான்.

மூன்றிலும் சவுக்குதான் அந்த வேலைக்குப் பொருந்தியது. உப்பைத் தாங்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். அதனால் மண்ணே இல்லாத இடத்திலும் அது வளர்ந்தது.

ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. சவுக்கின் ஊசி இலைகள் கொட்டிக் குவிந்தன, உக்கவில்லை. உக்கினால்தானே மண் உண்டாகும்? அப்போது அவர் கண்ணில் பட்டது ஒரு பூச்சி. தொட்டால் வட்டமாகச் சுருண்டுகொள்ளும் மரவட்டை. சிவந்த கால்களுள்ள உள்ளூர் இனம். அது அந்தக் காய்ந்த இலைகளைத் தின்றது. நூற்றுக்கணக்கில் பிடித்து வந்து விட்டார்கள். அவை தின்று கழித்ததுதான் அந்தப் பாறையின் மேல் முதல் மண்ணானது. மண் வந்த பிறகு உள்நாட்டு மரங்களை நட்டார்கள். பறவைகள் தாமாக வந்தன. குளங்களில் மீன் வளர்த்தார்கள். தாயை இழந்த விலங்குகளைக் கொண்டுவந்து பராமரித்தார்கள். 1987 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு ‘குளோபல் 500’ விருதை ஹாலருக்குக் கொடுத்தது.

வரிசையைக் கவனியுங்கள். ஒட்டகச்சிவிங்கி கடைசியில்தான் வந்தது. முதலில் ஒரு மரம், பிறகு நாம் காலால் தட்டிவிட்டுப் போகும் ஒரு பூச்சி, பிறகு மண். இடையில் பல வருடப் பொறுமை.

இந்தப் பூங்காவின் பெயர் உலகமெங்கும் தெரிய வந்தது எம்மால் மறக்க முடியாத ஒரு நாளில்தான். 2004 டிசம்பர் 26. எமது நாட்டில் 30,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அதே கடல், அதே நாளில் கென்யாக் கரையையும் தொட்டது. மழை வெள்ளத்தில் சபாகி ஆற்றிலிருந்து கடலுக்கு அடித்துவரப்பட்டு, மலிண்டிக் கரையில் தங்கியிருந்த நீர்யானைக் கூட்டம் சிதறியது. குட்டி ஒன்று மட்டும் கடற்பாறையில் தனியாகச் சிக்கியது. ஊர் மக்கள் வலை போட்டு, பெரும்பாடுபட்டு அதைக் கரை சேர்த்தார்கள். ஓவன் என்று பெயர் வைத்து ஹாலர் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ‘ம்ஸே’ என்ற ஆமை இருந்தது. சுவாஹிலி மொழியில் முதியவர் என்று அர்த்தம். வயது 130 அளவில் என்று மதிப்பிட்டிருந்தார்கள். குட்டி ஓடிப்போய் அந்த ஆமையின் பின்னால் ஒதுங்கியது. பிறகு இரண்டும் ஒன்றாகவே மேய்ந்தன, ஒன்றாகவே தூங்கின. கிழக்கிலும் தெற்கிலும் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை உம்மும்மாவும் அப்பாவும் அணைத்து வளர்த்த அதே மாதங்களில் அந்தப் படங்கள் உலகைச் சுற்றி வந்தன.

இதை ஒரு கனவுக் கதையாக மட்டும் சொன்னால் அது வரலாறாகாது. பூங்கா வளர்ந்த காலத்திலும் கம்பனி வேறு பக்கத்தில் பாறை வெட்டிக்கொண்டுதான் இருந்தது. பூங்காவால் கம்பனிக்கு நல்ல பெயரும் கிடைத்தது. வெட்டியழித்த பழைய கரையோரக் காடு அப்படியே திரும்பி வரவில்லை; இது மனிதன் உண்டாக்கிய வேறொரு காடு. ஆனாலும் குழியைக் குழியாகவே விட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இனி எமது குழிக்கு வருவோம். அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் எடுத்து ரயிலில் பாலாவிக்குக் கொண்டுபோன வரலாறு எமது மூத்தவர்களுக்குத் தெரியும். அங்கும் சில பகுதிகளில் மரம் நட்டு நிலத்தை மீட்கும் வேலை நடந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2017 இல் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பையை ரயிலேற்றி அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் வேகமெடுத்தது. வில்பத்துக் காடு பக்கத்தில், எமது களப்பு பக்கத்தில். 2018 இல் எமது ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வீதியில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

‘வேண்டாம்’ என்று சொன்னோம். அது எமது உரிமை. ஆனால் அந்த நிலத்தில் வேறு என்ன வேண்டும் என்று நாம் இன்னும் ஒருமித்துச் சொல்லவில்லை. பாவித்து முடிந்த பள்ளம் எதற்கும் உதவாது என்று நாமே நம்பினால், குப்பை கொட்ட வருகிறவரிடம் எதைச் சொல்லித் தடுப்பது? உதவும் என்பதற்கு மொம்பாசா சாட்சி. ஊர் என்ன கேட்கிறது என்பது எழுத்தில், வரைபடத்தோடு, அதிகாரிகளின் மேசையில் இருக்க வேண்டும். எந்தப் பகுதியில் எந்த மரம், எந்தக் குளத்தில் தண்ணீர், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மரம் நடுவது சதகா என்று குத்பாக்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அருவக்காடு தோண்டப்படுவதற்கு முன் எப்படி இருந்தது, என்ன மரம் நின்றது, எங்கே தண்ணீர் குடித்தோம் என்று தெரிந்த மூத்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைப்போம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கீழே சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் வந்து சந்திப்போம்.