வெண்சோறும் நம் வாழ்வும்

பெரியகுளத்தில் அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் விவரமறிந்தவர். சர்க்கரை நோயாளிகளுக்கென்று கைக்குத்தல் அரிசிச் சோற்றைத் தனிப்பாத்திரத்தில் ஆக்கி வைத்திருந்தார். பரிமாறுவோர் அதனை ஏந்தி வந்தபோது வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், “மாப்பிள்ளை வீட்டார் முன் சிவப்புச் சோறா வைப்பது?” என்றார். சற்று முன்தான் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்கியிருந்தார். கேட்பாரின்றி அப்பாத்திரம் உள்ளே திரும்பிற்று. நாமும் கை நீட்டவில்லை. அதை மறைப்பதற்கில்லை.

வெண்மைக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது? அந்த மரியாதைக்கு மனித குலம் கொடுத்த விலை என்ன? வரலாற்றின் ஏடுகளில் இதற்கு விடை உண்டு.

அரிசி அரிதாயிருந்த காலம்

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் நிற்போர்க்கு இது என்றும் நெல் விளைந்த பூமியாகவே தோன்றும். ஆனால், மேற்கே ஓடிய பெரியாற்று நீர் அணையால் தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது 1895ஆம் ஆண்டில்தான். பென்னிகுக் என்னும் பொறியாளரின் பெயரை இவ்வட்டாரம் இன்றும் நன்றியோடு சொல்கிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரால் விளைகிறது. பெரியகுளத்து வயல்களுக்கோ வராக நதியும் கண்மாய்களுமே ஆதாரம்.

அதற்கு முன்னும் நெல் இருந்தது. எனினும் மானாவாரி நிலத்தை நம்பிய எளிய மக்களின் அன்றாட உணவு சோளமும் கம்பும் கேழ்வரகும் சாமையும் குதிரைவாலியுமே. நெல்லுச்சோறு விருந்துக்கும் விசேடத்திற்கும் உரியது. அரிதாய்க் கிடைப்பது அந்தஸ்தின் அடையாளமாவது உலக இயல்பு.

ஆயினும் அன்றைய நெல்லுச்சோறு இன்றைய வெண்சோறு அன்று. நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டு உலக்கையால் குத்திச் சுளகில் புடைத்தார்கள். உமி நீங்கினாலும் தவிட்டின் ஒரு பகுதி அரிசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சோறு சற்றே மங்கல். வடிகஞ்சியையும் கொட்டவில்லை. மறுநாள் நீராகாரமும் பழஞ்சோறும் வயிற்றுக்குப் போயின. ஆலைகள் வந்தபின் தவிடு தனியே போயிற்று. அரிசி முத்துப்போல் வெளுத்தது. கண்ணுக்கு அது வளர்ச்சி. உடலுக்கு என்னவென்பது முதலில் தெளிவானது கடல் கடந்த நாடுகளில்.

கோழிகள் உணர்த்திய உண்மை

ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து மனிதரை மாய்த்த நோய் அது. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் அதே போன்று கால் தளர்ந்து விழுந்தன. பிறகு தாமே தேறின. விசாரித்தபோது விந்தையான செய்தி கிடைத்தது. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய வெண்சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் பிழைத்தன.

வோர்டர்மன் என்பார் ஜாவாவின் 101 சிறைகளில், ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகளைப் பற்றிக் கணக்கெடுத்து 1897இல் வெளியிட்டார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றனர். தவிடு நீங்காத அரிசி உண்ட சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர்தாம். 1912இல் ஃபங்க் என்பார் இத்தகைய உயிர்ச்சத்துக்கு ‘விட்டமின்’ எனப் பெயரிட்டார். 1926இல் அரிசித் தவிட்டிலிருந்தே அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. பி1 என்பது அதுவே. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிட்டியது. மாடு தின்னட்டும் என்று மனிதன் தள்ளிய தவிட்டில் மனிதனின் உயிர் இருந்தது!

தமிழரைக் காத்த வழக்கம்

இனி வருவது நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற மலாயாவிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பெருமளவில் மடிந்தனர். அதே மண்ணில் வாழ்ந்த தமிழர்களை அந்நோய் அரிதாகவே தீண்டியது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் எழுதிய நூலில் இதன் காரணத்தை ஆராய்ந்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி.

அன்றைய சென்னை மாகாணத்திலும் இதே வேற்றுமை நிலவியது. வடக்கே பச்சரிசி உண்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. 1835லேயே மால்கம்சன் என்னும் மருத்துவர் அதைப் பற்றிச் சென்னையில் நூல் வெளியிட்டிருக்கிறார். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களோ பெரும்பாலும் தப்பின. குன்னூரில் ஆராய்ந்த மக்காரிசன் 1920களில் இந்நோய்க்கும் அரிசிக்கும் உள்ள உறவை விரிவாக எழுதினார்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. நம் பாட்டிமார் இதை அறிந்து அவிக்கவில்லை. அவித்த நெல்லில் உமி எளிதில் கழலும், அரிசி நொறுங்காது என்பதே அவர்கள் கண்ட பயன். நல்ல வழக்கம் அதன் காரணம் அறியாதவரையும் காத்தது.

இன்றைய கணக்கு

ஆலை அரிசிக்கு எதிராகக் குரல் எழாமலில்லை. 1934இல் வார்தாவில் காந்தியடிகள் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசியைப் பரப்ப முயன்றது. அதன் செயலாளர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தைக் கழித்தது நமக்கு அண்மையிலுள்ள தே. கல்லுப்பட்டியில்தான். 1958இல் நடுவண் அரசு அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தச் சட்டமும் இயற்றியது. எனினும் ஆலைகளே வென்றன. அதில் நியாயமும் உண்டு. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த பெண்களின் தோள்வலியை ஆலை நீக்கியது. அந்த உலக்கையை மீண்டும் அவர்கள் கையில் கொடுப்பது நம் நோக்கமன்று.

ஆனால் இன்று நம்மைத் தாக்கும் நோய் வேறு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டிலோ 14.4 பேருக்கு. பெரிபெரியிலிருந்து காத்த புழுங்கலரிசி இந்நோயினின்றும் காக்கும் என்று இருந்துவிட இயலாது. நன்கு தீட்டிய அரிசியில் நார்ச்சத்து குறைவு. அதன் மாவு விரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அன்று உண்டவர் ஏர் பிடித்தார், ஏற்றம் இறைத்தார். நாம் அமர்ந்தபடி அவரளவு உண்கிறோம். அரிசி மட்டுமே காரணமன்று. அளவும் உழைப்பின்மையும் சேர்ந்தே நோயை வளர்க்கின்றன. தவிடுள்ள அரிசியையும் அளவின்றி உண்டால் கேடே.

நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம், அண்ணலார் (ஸல்) காலத்தில் சலித்த வெண்மாவும் சல்லடையும் இருந்தனவா என்று வினவப்பட்ட செய்தியை இமாம் புகாரீ பதிந்துள்ளார். அண்ணலார் அவற்றைக் கண்டதேயில்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து வாயால் ஊதி, பறப்பது பறக்க எஞ்சியதைப் பிசைந்து உண்டதாகவும் அத்தோழர் விடையளித்தார். மதரஸாவில் மாணவர்க்கு இதனைப் பன்முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம், எளிமைக்குச் சான்றாக. தவிட்டின் வரலாற்றைப் படித்தபின், இது நம் தட்டைப் பற்றியதும்கூட என்று உணர்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரியனவல்ல. மிகத் தீட்டாத அரிசியைக் கேட்டு வாங்கலாம். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்புக்கும் காய்க்கும் கீரைக்கும் இடம் தரலாம். வாரத்தில் சில வேளை கம்பும் சாமையும் அடுப்பேறலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, மங்கிய சோற்றை வறுமையின் நிறமாகக் காணும் கண்ணை மாற்ற வேண்டும்.

அடுத்த விருந்தில் அப்பாத்திரம் மீண்டும் வரிசைக்கு வருமாயின், முதல் அகப்பை நம் இலையில் விழட்டும். ஆசிரியர் கை நீட்டினால், அருகிலிருப்பவரும் நீட்டுவார், இன்ஷா அல்லாஹ்.