பேசாமல் இருந்த பிள்ளைகள் - விராலிமலை வழக்கு

உப்பிலியபுரத்தில் பஸ் ஏறி, துறையூர், திருச்சி தாண்டி மதுரை சாலையில் போனால் விராலிமலை வரும். முருகன் கோயிலுக்கும் மயிலுக்கும் பேர்போன ஊர். 1994 நவம்பரில் இந்த ஊர்ப் பெயர் வேறு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. பக்கத்தில் பாத்திமா நகரில் இருந்த ஆசிரமத்தின் தலைவர் பிரேமானந்தா கைது செய்யப்பட்டார். அங்கு வளர்ந்த சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகவும், ரவி என்பவரைக் கொலை செய்ததாகவும் குற்றச்சாட்டு.

பிரேமானந்தா இலங்கை மாத்தளையைச் சேர்ந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஆதரவற்ற பிள்ளைகள் பலரும் அவரோடு வந்தார்கள். சோறு, துணி, படிப்பு, படுக்க இடம் எல்லாமே அவர் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பனும் அவர்தான், சாமியும் அவர்தான்!

"இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை?" இப்படிப்பட்ட ஒவ்வொரு வழக்கிலும் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் மனம் வேறு கணக்குப் போடுகிறது. "இவர் கெட்டவர்" என்று ஒப்புக்கொண்டால், இருக்கிற ஒரே வீடும் போய்விடும். "நான்தான் கெட்டவள்" என்று நம்பிவிட்டால் வீடாவது மிஞ்சும். சுயமதிப்பு உடைவது இந்த இடத்தில்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிங்கெல்ஹோர், பிரவுன் இருவரும் 1985ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பாதிப்பின் வேர்களாக நான்கைச் சொன்னார்கள். வயதுக்கு மீறிய பாலியல் அனுபவம், நம்பியவர் செய்த துரோகம், கையாலாகாத நிலை, களங்க உணர்வு. கடைசியாகச் சொன்ன களங்க உணர்வுதான் பருவ வயதில் ஆழமாக இறங்குகிறது. "நான் யார்" என்று ஒரு பெண் தனக்குத்தானே கேட்கத் தொடங்கும் வயதில், "அழுக்கானவள்" என்ற பதிலை வேறொருவர் எழுதி வைத்துவிடுகிறார். படிப்பில் சரிவு, யாரோடும் சேராமை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை எண்ணம் எல்லாம் இதன் பின்னால் வரலாம்.

இந்த மனநிலையில் கோர்ட் கூண்டில் ஏற வேண்டும். அப்போது இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 155(4) என்று ஒரு பிரிவு இருந்தது. வல்லுறவு வழக்கில் புகார் சொன்ன பெண் பொதுவாக நடத்தை கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க அது இடம் கொடுத்தது. களங்க உணர்வோடு வந்தவளுக்குச் சட்டமே களங்கம் பூசிய மாதிரி! இந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2003ல்தான்.

ஆனாலும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். ஒரு பெண்ணின் கருவை டிஎன்ஏ சோதனை செய்ததில் தந்தை யார் என்பதும் தெரிந்தது. பிரேமானந்தாவுக்காக வாதாடியவர் ராம் ஜெத்மலானி. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதி ஆர். பானுமதி (பிற்பாடு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர்) இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 2002ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன.

வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். 1994ல் 16 வயதாக இருந்த பெண்ணுக்கு, "நீ சொன்னது உண்மை" என்று கடைசியாக ஒரு கோர்ட் சொன்னபோது வயது 26 தாண்டியிருக்கும்.

மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 2007ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட 12,447 பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகளே கொஞ்சம் அதிகம் (இதை யாரும் பேசுவதே இல்லை). பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2012ல் போக்சோ சட்டம் வந்தது. குழந்தை சாட்சி சொல்லும்போது குற்றவாளியைப் பார்க்கும்படி வைக்கக்கூடாது, நடத்தையைக் குத்திக் கேள்வி கேட்கக்கூடாது என்று அதில் எழுதப்பட்டது.

பிரேமானந்தா 2011 பிப்ரவரியில், தண்டனைக் காலத்திலேயே இறந்தார். அந்தப் பெண்களின் பெயரை வெளியிடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அன்று பள்ளி வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருப்பார்கள்.