பாஸ் கிட்டாரின் குதிரையும் தந்தி அடக்கியும்: 1951 முதல் ஒரு வரலாற்றுப் பார்வை

1951ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ், நடன இசைக் குழுக்களில் நின்றுகொண்டு வாசிக்கப்பட்ட ஆளுயர டபுள் பாஸுக்கு மாற்றாக வடிவமைக்கப்பட்ட கருவியாகும். 34 அங்குலத் தந்தி நீளம், சுருதி பிசகாமல் விரல் வைப்பதற்கான மெட்டுகள், ஒலிபெருக்கியோடு இணையும் காந்தச் சுருள் ஆகியவை அதன் புதுமைகளாக எல்லா வரலாறுகளிலும் இடம்பெறுகின்றன. தந்திகளைத் தாங்கும் குதிரையின்மீது (பிரிட்ஜ் எனப்படுவது) பொருத்தப்பட்ட உலோக மூடியும், அதன் உட்புறத்தில் தந்திகளை மெல்ல அழுத்துமாறு ஒட்டப்பட்ட மென்பட்டையும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மியூட் எனப்படும் இந்தத் தந்தி அடக்கி, பின்னாளில் சேர்க்கப்பட்ட துணைப்பொருள் அன்று. பாஸ் கிட்டார் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் கருதினார்களோ அந்தக் கருத்தின் ஒரு பகுதியாகவே அது பிறந்தது.

அதற்கான காரணம் டபுள் பாஸின் ஒலியிலேயே இருக்கிறது. அக்கருவியில் விரலால் மீட்டப்படும் சுரம் திண்மையாக எழுந்து விரைவில் தணிந்துவிடும். திண்மரப் பலகையில் இழுத்துக் கட்டிய எஃகுத் தந்தியிலோ கார்வை நெடுநேரம் நீடிப்பதால், ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்தது எழுந்து இரண்டும் கலங்கிவிடுகின்றன. குதிரைக்கு அருகில் தந்தியின் அசைவு மிகக் குறைவு என்பதால், அவ்விடத்தில் மென்மையான ஒரு பொருள் பட்டாலும் சுரத்தின் எழுச்சி பெரிதும் கெடுவதில்லை. ஆனால் அப்பொருள் அதிர்வின் ஆற்றலைத் தொடர்ந்து உறிஞ்சுவதால், கூர்மையான மேற்சுரங்கள் முதலில் அடங்க, அடிப்படைச் சுரமும் அதையடுத்துத் தணிகிறது. கேட்பவரின் காதில் இது டபுள் பாஸின் அடக்கமான நாதத்தை நினைவூட்டுகிறது.

முதல் பிரிசிஷன் பாஸின் குதிரையில் தந்தித் தாங்கிகள் இரண்டே இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைச் சுமந்தது. தடித்த தந்திக்குச் சற்றுக் கூடுதல் நீளமும் மெல்லிய தந்திக்குச் சற்றுக் குறைந்த நீளமும் தேவைப்படுவதால், இரட்டைத் தாங்கியில் இரு தந்திகளின் சுருதியும் முழுமையாகச் சரியாவது அரிது. 1957இல் நான்கு தந்திகளுக்கும் தனித்தனித் தாங்கிகள் வந்தபோது உயரத்தையும் நீளத்தையும் தந்திக்குத் தந்தி மாற்றியமைக்க முடிந்தது. ஆயினும் மூடிக்குள் ஒட்டிய பட்டை எல்லாத் தந்திகளையும் ஒரே பரப்பாக அழுத்திக்கொண்டிருந்தது. குதிரை திருத்தத்துக்கு இணங்க, அடக்கி இணங்காமல் நின்ற இந்த ஏற்றத்தாழ்வே அடுத்த இருபது ஆண்டுகளின் முயற்சிகளுக்கு உந்துதலாக அமைந்தது எனலாம்.

1960இல் வெளிவந்த ஜாஸ் பாஸில் ஃபெண்டர் நிறுவனம் நான்கு தந்திகளுக்கும் தனித்தனி அடக்கிகளை அமைத்தது. ஃபெல்ட் துண்டு ஒட்டிய வில் தகடுகள் குதிரைக்கும் அதையடுத்த காந்தச் சுருளுக்கும் இடையே கருவியின் உடலில் திருகப்பட்டு, தந்திகளைக் கீழிருந்து தாங்கின. ஒவ்வொரு தந்தியின் அடக்கத்தையும் தனியாக அளவிடும் இந்த எண்ணம் மிகச் சரியானது. ஆனால் அவை மூடிக்கு அடியில் இருந்தமையால் திருத்தம் செய்ய மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. வாசிப்பின் நடுவே அது இயலாத காரியம். சில ஆண்டுகளுக்குள் அவை கைவிடப்பட்டு, மூடிக்குள் ஒட்டும் நுரைப்பட்டையே மீண்டும் இடம்பிடித்தது. கிப்சன் நிறுவனமும் அதே காலத்தில் தன் பாஸ்களில் குதிரையோடு இணைந்த அடக்கியைப் பொருத்தியது. ரிக்கன்பேக்கரின் 4001 வகையில் குதிரையும் தந்தி முனைகளைப் பிடிக்கும் வால்பகுதியும் ஒரே வார்ப்பாக அமைய, அதற்குள் இருந்த நுரைத்துண்டை இருபுறத்துத் திருகுகளைக் கையால் திருப்பி ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. மூடியைத் தொடாமலே அடக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழிசெய்த அமைப்பு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் அந்த வார்ப்பில் தாங்கிகளின் உயரத்தைத் தனித்தனியாக மாற்ற இயலாது. நீளம் திருத்தும் திருகுகளும் தந்திகளுக்கு அடியில் மறைந்திருந்தன. இதனாலேயே பிற்காலத்தில் பலர் அந்தக் குதிரையை அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தினர். அப்போது அடக்கியும் சேர்ந்தே போய்விட்டது.

அடக்கியின் மதிப்பு ஒலிப்பதிவுக் கூடங்களில்தான் முழுமையாக விளங்கியது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்துக்காக வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பாஸில் தட்டைக் கம்பி சுற்றிய தடித்த தந்திகளை மாற்றாமலே வைத்திருந்தார். மூடிக்கு அடியில் நுரையும் இருந்தது. வேகமாக ஓடும் அவருடைய சுர அடுக்குகள் ஒன்றோடொன்று கலவாமல் தெளிவாகக் கேட்பதில் பழைய தந்திக்கும் அந்த நுரைக்கும் பெரும் பங்குண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் எண்ணற்ற பதிவுகளுக்கு வாசித்த கேரல் கே, ஃபெல்ட் துண்டைக் குதிரைக்கு முன்னால் தந்திகளின் மேல் வைத்து ஒட்டி, பிக் எனப்படும் சிறு தகட்டால் மீட்டினார். ஒருவர் நுரையாலும் மற்றவர் ஃபெல்டாலும் அடக்கினர் எனச் சுருக்கிவிட இயலாது. தந்தி, விரல் அல்லது பிக், அடக்கும் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்தந்த நாதத்தை உருவாக்கின என்பதே கவனிக்க வேண்டியது.

இந்த நிலை 1960களின் நடுவில் மாறத் தொடங்கியது. உருண்டைக் கம்பி சுற்றிய ரோட்டோசவுண்ட் தந்திகளை ஜான் என்ட்விசில் போன்ற பாஸ் கலைஞர்கள் ஏற்க, மேற்சுரங்கள் நிறைந்த கூரிய ஒலி விரும்பப்பட்டது. லாரி கிரஹாம் வழியாகப் பரவிய, கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் முறைக்கும் அடக்கப்படாத தந்தியே ஏற்றதாக இருந்தது. மூடிகள் கழற்றப்பட்டன, மூடியோடு நுரையும் போயிற்று. 1970களில் கனமான உலோகக் குதிரைகள் கார்வையைக் கூட்டும் என்ற எதிர்பார்ப்போடு விற்கப்பட்டன. கார்வையைக் குறைக்கவே வடிவமைக்கப்பட்டிருந்த பகுதி, கார்வையைக் கூட்டும் பகுதியாக மாறிய இத்திருப்பம் பாஸ் கிட்டாரின் வரலாற்றில் ஆழமானது. இந்தச் சூழலில்தான் 1976இல் மியூசிக் மேன் நிறுவனம் ஸ்டிங்ரே பாஸை வெளியிட்டது. லியோ ஃபெண்டர் பங்கேற்ற அந்த வடிவமைப்பில், தாங்கிகளுக்கு முன்னால் நான்கு நுரைத்துண்டுகள் தனித்தனியாக அமைந்து, ஒவ்வொன்றும் கைத்திருகால் உயர்த்தப்பட்டது. ஜாஸ் பாஸின் தனித்தன்மையும் ரிக்கன்பேக்கரின் எளிமையும் இணைந்த இதுவே அதுவரையிலான அமைப்புகளில் மிகச் சிறந்தது. விருப்பம் வேறு திசையில் திரும்பிவிட்ட காலத்தில் வந்ததே அதன் குறை.

இன்று அடக்கியை மீண்டும் பொருத்துவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்முறை ஒன்று இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. முதலில் தாங்கிகளின் உயரத்தை நிலைப்படுத்தி, பின்னர் 12ஆம் மெட்டில் அழுத்தி வாசித்த சுரத்தையும் அதே இடத்தில் விரலை அழுத்தாமல் தொட்டு எழுப்பிய சுரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், தாழ்ந்திருந்தால் முன்னுக்கு. அடக்கி வலுவாக அழுத்தினால் அதிரும் நீளமே குறைந்து சுருதி ஏறிவிடுவதால், அதைப் பொருத்திய பிறகு இந்தச் சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும். அடர்த்தி குறைந்த நுரையைத் தாங்கிக்கு ஒட்டி, தந்தியை மெல்லத் தொடும் உயரத்தில் வைத்தால் கருவியில் துளையிட வேண்டிய தேவையில்லை. பழைய கருவிகளில் புதிய துளை இடுவது திரும்பப் பெற முடியாத இழப்பு. ஆகவே கழற்றத்தக்க நுரைத்துண்டோடு நிறுத்திக்கொள்வதே முறை.