நிலமும் பொழுதும் இழந்த பேச்சு: இலங்கை வானொலி முதல் வலையொலி வரை – போனக்காட்டை முன்வைத்து

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், விதுராவை அடுத்து, அகத்தியமலையின் அடிவாரத்தில் அமைந்த தேயிலைத் தோட்ட ஊர் போனக்காடு. திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்குக் கேரளத்தின் வழியாக ஏறுவோர் இங்கிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். தமிழிலக்கண மரபு தன் முதலாசிரியராகக் கொள்ளும் அகத்தியரின் பெயரைத் தாங்கிய மலையின் மேற்குச் சரிவு இது. ஆயினும் இணையவழி உரையாடல்களில் இவ்வூர் பெயர் பெற்றிருப்பது அகத்தியராலோ தேயிலையாலோ அன்று. கைவிடப்பட்ட ஒரு பங்களாவைப் பற்றிய பேய்க்கதையால் ஆகும்.

பாட்டு, திரைப்படம், வணிகம், பழைய நாட்களின் நினைவு ஆகியவற்றை இருவரோ மூவரோ அமர்ந்து பேச, அதனைப் பலர் செவிமடுக்கும் வடிவம் இன்று வலையொலி எனப்படுகின்றது. பாட்காஸ்ட் என்ற பெயராலும் வழங்கும் இவ்வடிவம் புதுமையானது போலத் தோன்றினும், தமிழில் இதற்கு ஏறத்தாழ எழுபதாண்டுக் கால முன்வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, இத்தகைய பேச்சு எவற்றை நினைவில் நிறுத்துகின்றது, எவற்றை விட்டுவிடுகின்றது என்பதைப் போனக்காட்டைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகமும் பாட்டும்

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கென இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க ஒலிபரப்புக் கருவி, போருக்குப்பின் இலங்கை அரசிடம் வந்து சேர்ந்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரும், 1950இல் வர்த்தக ஒலிபரப்பும் தோன்றின. விளம்பரதாரர் தரும் பணத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை வழங்குவது இதன் அடிப்படையாக அமைந்தது.

இதே காலத்தில் இந்தியாவில் எதிர்நிலை ஒன்று உருவாயிற்று. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்களைத் தரம் தாழ்ந்தவை எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் நேரம் குறைக்கப்பட்டது. பாடலுக்கு முன் திரைப்படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கூறி அதுவும் நிறுத்தப்பட்டது. இதனால் திரைப்படத் தயாரிப்பாளர்கள் தம் பாடல்களை ஒலிபரப்ப அளித்திருந்த உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். இந்திய நேயர்களின் செவி கொழும்பை நோக்கித் திரும்பியது. 1952 டிசம்பரில் அமீன் சயானி வழங்கத் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’, பற்பசை ஒன்றின் பெயரை இந்தித் திரையிசையோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தது. 1957 அக்டோபரில் ‘விவித பாரதி’ தொடங்கப்பட்டதும், 1967 முதல் அது விளம்பரங்களை ஏற்றதும், கொழும்பிடம் இழந்த நேயரை மீட்கும் முயற்சிகளே எனலாம்.

தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன் முன்னோடியாகத் திகழ்ந்தார். அவருக்குப்பின் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலியோரின் குரல்கள் கடல் கடந்தும் வீட்டுக்குரல்களாயின. ‘பொங்கும் பூம்புனல்’, ‘நேயர் விருப்பம்’, ‘பிறந்தநாள் வாழ்த்து’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆகிய நிகழ்ச்சிகளில் பாட்டைக் காட்டிலும் பாட்டைச் சுற்றிய பேச்சே நேயரைக் கட்டி நிறுத்தியது. திரைப்படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் என்னும் விவரங்கள் பேச்சின் பகுதியாயின. எனவே திரையிசையைப் பற்றிய பொது அறிவு தமிழ் நேயரிடையே பரவியதில் விளம்பரப் பணத்திற்கும் பங்கு உண்டு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பொழுதின் ஒழுங்கு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. வானொலியை இவ்விரண்டின் வழியே நோக்கினால் அதன் இயல்பு தெளிவாகும். ‘பொங்கும் பூம்புனல்’ காலைப் பொழுதுக்குரியது. அதனைக் கேட்பவர், வேறொரு வீட்டிலும் தேநீர்க் கடையிலும் அதே கணத்தில் அதே பாட்டு ஒலிப்பதை அறிந்தே கேட்டார். மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் பரவியபின், மின்வசதி இல்லாத ஊர்களும் இவ்வொழுங்கில் இணைந்தன. பாட்டின் பெயரால் ஒரு பொதுப்பொழுது உருவானது.

நிலமும் அவ்வாறே வெளிப்பட்டது. நேயர் விருப்பத்தில் வாசிக்கப்பட்ட பெயர்களோடு ஊர்ப்பெயர்களும் வந்தன. ஒரு பாட்டைக் கேட்பவர் அதனை விரும்பியவரின் ஊரையும் அறிந்துகொண்டார். வரைபடத்தில் கண்டிராத ஊர்களை நேயர்கள் செவிவழி அறிந்த காலம் அது. இலங்கை வானொலி மலையாள ஒலிபரப்பும் நடத்தியதால், தென்கேரளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஒரே நிலையத்தைத் தத்தம் மொழியில் கேட்கும் வாய்ப்பு இருந்தது.

கடல் கடந்த குரலும் கடல் கடந்த மக்களும்

இலங்கை வானொலியைப் பற்றிய இன்றைய நினைவுப் பேச்சுகளில் பெரிதும் இடம்பெறாத செய்தி ஒன்றுண்டு. கொழும்பின் தமிழ்க்குரல் வானலைவழி தமிழகம் வந்த அதே ஆண்டுகளில், இலங்கை மலையகத்தின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவராகத் தமிழகம் அனுப்பப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை முடிவின்றி நின்றது. அவ்வாண்டு ஏற்பட்ட உடன்பாடு அவர்களை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கிய இக்குடும்பங்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். கேரளத்தில் 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, தாயகம் திரும்பியோருக்கென மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டு ரப்பர் பயிரிடப்பட்டது. அகத்தியமலைத் தொடரின் ஒரு பக்கம் போனக்காடு, அதன் வடக்கே புனலூர். போனக்காட்டுத் தொழிலாளர் வரலாறு இதனின் வேறானது. அது ஆங்கிலேயர் தோட்டம் அமைத்த காலத்தை ஒட்டியது. எனினும் கொழுந்து பறித்தல், வரிசை வீடுகளாகிய லயங்களில் வாழ்தல், தோட்டம் மூடப்பட்டால் வேலையோடு வீட்டின் உறுதியையும் இழத்தல் ஆகியன இருவருக்கும் பொது.

வானொலி நினைவுகளின் இனிமையில் இம்மக்களின் பயணம் மறைந்துபோகின்றது. அறிவிப்பாளர்களின் வாழ்வும் அவ்வாறே. கணீரென்ற குரலுக்காக இன்றும் நினைக்கப்படும் கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவர் குரலின் விரைவைப் பேசுவோர் பலர். அவர் முடிவைப் பேசுவோர் சிலர். பழைய நினைவைப் போற்றும் பேச்சு, இன்பத்தைத் தெரிந்தெடுத்துத் துன்பத்தை ஒதுக்கும் இயல்புடையது என்பது இதனால் புலனாகின்றது.

வலையொலியும் நினைவு வணிகமும்

பாட்காஸ்ட் என்னும் சொல் 2004இல் பிரித்தானிய இதழாளர் பென் ஹேமர்ஸ்லியின் கட்டுரையொன்றில் தோன்றியது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இவ்வடிவத்திற்கு இடமளித்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவிற்கு வந்தது. தமிழில் இவ்வகைப் பேச்சு ஒலியோடு காட்சியும் சேர்ந்து யூடியூப் தளத்திலேயே பெரிதும் வளர்ந்தது. தயாரிப்பாளரும் இயக்குநருமான சித்ரா லட்சுமணன் ‘டூரிங் டாக்கீஸ்’ வாயிலாக நடத்திவரும் ‘சாய் வித் சித்ரா’ உரையாடல்கள் இதற்குத் தக்க சான்று. ஒரு படம் உருவான விதம், அதில் போட்ட பணம், பாடல் பிறந்த சூழல் ஆகியன திரையுலகினரின் வாய்மொழியாகவே இங்குப் பதிவாகின்றன. எழுத்தாவணம் குறைந்த தமிழ்த் திரைத்துறைக்கு இப்பதிவுகள் மதிப்புமிக்க வாய்மொழிச் சான்றுகள் என்பதில் ஐயமில்லை.

நினைவு இங்கு விற்பனைப் பொருளாகவும் ஆகின்றது. 2017இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய இந்திப் பாடல்களை உள்ளடக்கிய ‘காரவான்’ கருவியை, பழைய டிரான்சிஸ்டர் வடிவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமீன் சயானியின் கீத்மாலாவும் அதில் சேர்க்கப்பட்டது. முன்னர்ப் பற்பசையை விற்கப் பாட்டு பயன்பட்டது. பின்னர்ப் பாட்டைக் கேட்ட காலத்தின் நினைவே விலைபெற்றது.

பொழுதும் நிலமும் இவ்வடிவில் நெகிழ்ந்துவிடுகின்றன. வலையொலியைக் கேட்பவர் தாம் விரும்பிய நேரத்தில் தனித்துக் கேட்கிறார். அவர் எவ்வூரினர் என்பது பேசுவோருக்குத் தெரியவேண்டியதில்லை. தேவையானபோது நிறுத்தவும் மீண்டும் கேட்கவும் இயலுவது நன்மையே. ஆயின் பாட்டோடு ஊர்ப்பெயர் ஒலித்த வழக்கம் இங்கு இல்லை. ஊர்கள் பேச்சுக்குள் வரவேண்டுமாயின் கதையாகவே வரவேண்டியுள்ளது.

கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ எனப்பட்ட பாறைப்பிளவு, 1991இல் வெளிவந்த ‘குணா’ திரைப்படத்தால் ‘குணா குகை’ ஆயிற்று. 2006இல் அங்கு நிகழ்ந்த விபத்தையும் மீட்பையும் அடிப்படையாகக் கொண்ட மலையாளப் படம் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 2024இல் வெளிவந்து, அக்குகையையும் அப்படப் பாடலையும் இரு மாநிலப் பேச்சிலும் மீண்டும் நிறுத்தியது. பாட்டின் உரிமை யாருக்கு என்ற வினாவை இளையராஜா தரப்பு எழுப்பியபோது, நினைவும் வணிகமும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது வெளிப்பட்டது.

போனக்காட்டுப் பேய்க்கதை

போனக்காட்டிற்கு இத்தகைய பாட்டு வாய்க்கவில்லை; பேய் வாய்த்தது. ‘25 ஜி.பி.’ என வழங்கும் பங்களாவை 1951இல் தோட்டத்தின் வெள்ளை மேலாளர் கட்டினார் என்றும், அங்குக் குடிவந்த சில காலத்திலேயே அவருடைய மகள் இறந்தாள் என்றும், பின்னர் அச்சிறுமியின் உருவம் அங்குக் காணப்பட்டது என்றும் கதை வழங்குகின்றது. இணையக் காணொலிகளும் உரையாடல்களும் இதனையே மீள மீளச் சொல்கின்றன.

இக்கதையின் ஒரு கிளை தனித்த கவனத்திற்குரியது. பங்களாவின் அருகே விறகு பொறுக்கச் சென்ற, எழுத்தறிவில்லாத பெண்ணொருத்தி திரும்பி வந்தபின் தங்குதடையின்றி ஆங்கிலம் பேசினாள் என்றும், சில நாட்களில் இறந்துபோனாள் என்றும் அது கூறும். தோட்டத்து உழைக்கும் மக்கள் இக்கதைக்குள் நுழைவது இவ்வோரிடத்தில்தான். அப்போதும் அப்பெண் தன் மொழியில் பேசவில்லை. மேலாளர் வீட்டு மொழி அவள் வாய்வழிப் பேசுகின்றது. அவள் பெயர் கதையில் இல்லை. துரைமகளின் இறப்புக்குத் துயரமும், விறகு பொறுக்கியவளின் இறப்புக்கு அச்சம் மட்டுமே எஞ்சுகின்றது.

பங்களா கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் 1951ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர்க்கு வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் வழங்கவேண்டும் என அது விதித்தது. 2010களின் இடைப்பகுதியில் போனக்காட்டுத் தேயிலை ஆலை இயங்காமற்போயிற்று. ஊதியமும் ஓய்வுக்கால நிலுவையும் வாராமல் லயங்களில் குடும்பங்கள் தங்கின. ஒரே ஆண்டோடு தொடர்புடைய இரு செய்திகளுள் பங்களா கேட்கப்படுகின்றது. சட்டமும் லயமும் கேட்கப்படுவதில்லை. பாழடைந்த ஆலையும் சுற்றுலாப் பேச்சில் அச்சமூட்டும் பின்னணியாகவே இடம்பெறுகின்றது.

இந்நிலைக்கு மாற்றும் உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் எழுதி 1969இல் வெளிவந்த ஆங்கில நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது. அதனை ஒட்டி 2013இல் பாலாவின் ‘பரதேசி’ வெளிவந்தபின், தோட்டத் தொழிலாளர் வாழ்வு திரைப்பேச்சிலும் இடம்பெற்றது. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். எவரேனும் ஒருவர் சென்று கேட்டு எழுதியதாலேயே இவை நின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பாட்டையும் படத்தையும் பற்றிய ஒலிவழிப் பேச்சு, வர்த்தக வானொலிக் காலம் முதலே வணிகத்தின் துணையோடு வளர்ந்தது. வானொலியில் நேயரின் ஊரும் பொழுதும் அப்பேச்சின் உறுப்புகளாயிருந்தன. வலையொலியில் அவை விலகின. ஒலிப்பதிவும் விளம்பரதாரரும் வாய்த்தவை நினைவாக நிற்க, அவை வாய்க்காத வாழ்வு பேய்க்கதையின் ஓரத்தில் ஒதுங்குகின்றது.

வலையொலிக்குப் பெரிய நிலையமோ அரசின் உரிமமோ தேவையில்லை. கைப்பேசி ஒன்றே போதும். கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ளது; அங்கிருந்து போனக்காடு ஒரு பகலில் சென்று மீளும் தொலைவே. கொழுந்து பறிக்கையில் பாடிய பாட்டு, ஆலைச் சங்கு ஒலித்த நேரம், லயத்தில் முதலில் வானொலி வாங்கிய வீடு ஆகியவற்றை முதியோர் தம் சொல்லில் சொல்ல, மாணவர் பதிவு செய்யலாம். சொல்பவரின் பெயரும் ஊரும் அவர் இசைவோடு பதிவில் இடம்பெறுதல் வேண்டும். ஆலை நின்றுவிட்ட ஊரில் அதனை நினைவிற்கொண்டோர் ஆண்டுதோறும் குறைகின்றனராதலின், இப்பணி காலம் தாழ்த்தற்குரியதன்று.