திரும்பி வருகிறவர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், நிலம் நகை படிப்பு எல்லாம் விசாரித்து முடித்தபின், குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த வீட்டில் யாருக்காவது அது இருக்கா?" ‘அது’ எது என்று கேட்கிறவரும் சொல்வதில்லை, பதில் சொல்கிறவரும் கேட்பதில்லை. சர்க்கரைக்கும் காசத்துக்கும் பெயர் இருக்கிறது. மனம் பிசகிப்போவதற்கு மட்டும் வெறும் சுட்டுப் பெயர். இதைக் கிராமத்து அறியாமை என்று கணக்கெழுதி மூடிவிடுவது நம் படித்தவர்களின் பழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் பாதியாவது சட்டப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது.

சட்டத்துக்கு முன்னால் கோடாங்கி. உச்சிவேளையில் கிணற்றடியில் பயந்தவள், தனிவழியில் வந்தவள் என்று காரணம் வெளியிலிருந்து வரும். உடுக்கை அடித்துப் பெயர் கேட்பார்கள். ‘போகிறேன்’ என்று அது ஒப்புக்கொண்டதும் உச்சிமயிரை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். இந்த முறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆடியவர்களில் அநேகம் பேர் இளம்பெண்கள். அடி விழுந்தது பேய் மீதல்ல, அவர்கள் உடம்பின் மீது. எந்த வீட்டில், யாரால் அவளுக்கு இப்படி ஆயிற்று என்று உடுக்கை ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இந்த முறையில் ஓர் அம்சம் இருந்தது: முடிவு. ஊர் பார்த்திருக்கப் பேய் போயிற்று. மறுநாள் அவள் களையெடுக்கப் போகலாம். நோய் அவளிடம் வந்ததே தவிர, அவளே நோய் ஆகிவிடவில்லை.

அடுத்து சர்க்கார். சென்னையில் 1794இல் ஆரம்பித்த பைத்தியக்கார ஆஸ்பத்திரி 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்டது. இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் அரசாங்க மனநல மருத்துவமனை என்று நெடுங்காலம் இருந்தது அது ஒன்றுதான். கம்பத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே 1928இல். தூரத்தைவிடப் பெரிய விஷயம் அங்கே போகும் வழி. 1912ஆம் வருஷத்துச் சட்டப்படி உறவினர் மனுப்போட வேண்டும், இரண்டு டாக்டர்கள் சான்று தரவேண்டும், மாஜிஸ்திரேட் உத்தரவிட வேண்டும். தெருவில் திரிகிறவனைப் போலீஸே பிடித்துக் கொண்டுபோகலாம். காய்ச்சல்காரனுக்கு வைத்தியர், மனம் பிசகியவனுக்குக் காவல் நிலையம்.

இந்தப் பிரதேசத்துக்காரர்கள் அதே காலத்தில் இன்னொரு சட்டத்தையும் அறிந்திருந்தார்கள். 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் உசிலம்பட்டிச் சீமையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிறமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. ஊர் வழக்கில் ரேகைச் சட்டம். பிறப்பையே குற்றமாக்கிப் பெருவிரலை மையில் தோய்த்துப் பதிவேட்டில் வைத்தது அது. ஒரு வருஷ இடைவெளியில் வந்த இந்த இரண்டு சட்டங்களையும் யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. சேர்த்துப் படிக்கவேண்டும் என்கிறேன். ஒன்று பிறப்பைப் போலீஸிடம் ஒப்படைத்தது, மற்றது மனத்தை.

வித்தியாசம் எதிர்ப்பில் இருக்கிறது. ரேகைச் சட்டத்தை எதிர்த்து ஊர் திரண்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. செத்தவர்களின் பெயர் இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. 1912ஆம் வருஷத்துச் சட்டமோ, 1987இல் மாற்றுச் சட்டம் நிறைவேறி அது 1993இல் அமலுக்கு வரும்வரை, 81 வருஷம் உயிரோடு இருந்தது. முதலாவது இழிவு ஒரு ஜனக்கூட்டத்தின் தலையில் ஒன்றாக விழுந்தது; எனவே ‘நாங்கள்’ என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இரண்டாவது இழிவு ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே அனுபவிக்கப்பட்டது. அதை எதிர்க்கிறவன் முதலில் ‘எனக்கு’ என்றோ ‘என் மகளுக்கு’ என்றோ சொல்லியாக வேண்டும். சொன்னால் அடுத்த மகளின் கல்யாணம் நின்றுபோகும். தன்னை எதிர்ப்பவனின் வாயை முதலில் கட்டிவிடுவதுதான் இந்தக் களங்கத்தின் பலம்.

கோடாங்கியிடம் தீராமல், கீழ்ப்பாக்கத்துக்குப் போகவும் அஞ்சிய குடும்பங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று கிடைத்தது. கோயில்களையும் தர்காக்களையும் ஒட்டி வளர்ந்த விடுதிகள். மாஜிஸ்திரேட் வேண்டாம், சான்று வேண்டாம். பணம் கட்டினால் போதும். விடுதிக்காரர் சங்கிலி வைத்திருப்பார். தேனி மாவட்டத்துக்காரரான பாலா 1999 டிசம்பரில் ‘சேது’ படத்தில் அப்படி ஒரு மடத்தைக் காட்டினார். கொட்டகையில் ஜனங்கள் அழுதார்கள், நாயகனின் காதலுக்காக. அவனுக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தவர்களுக்காக அழுதவர்கள் எத்தனை பேர்? இருபது மாதம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். விடுதிக்காரரைக் குற்றம் சொல்வது சுலபம், நியாயமும்கூட. ஆனால் அந்தச் சங்கிலியின் மறுமுனை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வீடுகளின் திண்ணைத் தூணில் கட்டியிருந்தது. நோயாளி ஓடிவிடாமலிருக்க மட்டுமல்ல, அவன் ஊருக்குத் திரும்பி வந்து ‘அது’வுக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடாமலிருக்கவும் அது பயன்பட்டது.

கோயில் என்றாலே சங்கிலி என்று நினைத்துக்கொள்வதும் தவறு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத்தில் நோயின் கடுமை சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. பூசாரியின் மந்திரத்தை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. பயமுறுத்தாத, ஆதரவான சூழ்நிலையைச் சொன்னார்கள். அங்கே நோயாளியைக் குடும்பத்தார் விட்டுவிட்டுப் போவதில்லை, கூடவே தங்குகிறார்கள். ஏர்வாடித் தீயில் இல்லாமல்போனது இதுதான்.

சட்டங்கள் இப்போது நல்லவை. 1976இல் வலிப்பைக் கல்யாணத்துக்குத் தடையாக எழுதிவைத்த இந்து திருமணச் சட்டம் 1999இல் அதை நீக்கிக்கொண்டது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய, 1860இல் எழுதப்பட்ட 309ஆம் பிரிவு 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்தோடு போய்விட்டது. ஆனால் ‘தீராத வயிற்றுவலியால்’ என்ற பத்திரிகை வாக்கியம் போகவில்லை. உயிரை விடுமளவு வந்த துக்கத்தைக்கூட நாம் வயிற்றுக்குள் இறக்கி வைத்துத்தான் அச்சிடுகிறோம். க.விலக்கில் 2004இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, மாத்திரை மலையடிவாரம்வரை வந்துவிட்டது. 500 கிலோமீட்டர் ஒரு பஸ் டிக்கெட்டாகச் சுருங்கியிருக்கிறது. மாத்திரை போகமுடியாத தூரம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவன் வீட்டுத் தெருவரைக்கும்தான்.

இதில் எழுதுகிறவர்களின் பங்கும் உண்டு. நம் நவீன எழுத்து பைத்தியத்தைத் தரிசனமாக்கியது, சமூகத்துக்கு எதிரான கலகமாக்கியது. கிராமம் ‘அது’ என்று ஒதுக்கியதை நாம் குறியீடு என்று உயரத்தில் வைத்தோம். இரண்டு இடத்திலும் அவன் நம் பக்கத்தில் இல்லை. ஆத்மாநாம் 1984இல் 33 வயதில் தன்னை முடித்துக்கொண்டபோது, அந்த நோயின் தினசரி அவஸ்தையைப் பற்றி நாம் பேசியதைவிட அதன் சோபையைப் பற்றிப் பேசியது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபிகிருஷ்ணன் ஒருவர்தான் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில் நோயாளிகளை நோயாளிகளாகவே, நம்மைப்போல் அற்பமாகவும் ஹாஸ்யமாகவும் பேசவிட்டார். அது பெரிய மரியாதை.

களங்கம் போகவேண்டும் என்றால், நோய் வந்தவர்கள் திரும்பி வரும்போது அவர்களுடைய இடம் காலியாக இருக்கவேண்டும். ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஓர் இருக்கை, திராட்சைப் பந்தலின் கீழ் ஒருநாள் கூலி, டீக்கடை பெஞ்சில் உட்கார இடம், பந்தியில் ஓர் இலை. கோடாங்கியின் அடியும் ஆணியும் ஒழியட்டும். ஊர் கூடிநின்று ‘போய்விட்டது, இனி இவள் நம் பெண்’ என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நாம் இழந்துவிட்டோம். மாத்திரைச் சீட்டோடு வருகிறவளுக்கு அதைச் சொல்ல இன்று யாரும் இல்லை. நோய் முழுக்கப் போகாவிட்டாலும் அதைச் சொல்லத் தெரியவேண்டும். அதற்கு முதலில் ‘அது’ என்பதை விட்டு, நோயின் பெயரைச் சொல்லப் பழகவேண்டும். நம் வீட்டில் என்று ஆரம்பித்து.