ஆம்பி: வறுமைக் குறியிலிருந்து ஊட்ட உணவுக்கு

காளானின் பழந்தமிழ்ப் பெயர் ஆம்பி. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததாகக் கூறித் தம் வறுமையைக் குமணனுக்கு உணர்த்துகிறார். காஞ்சிக்குத் தெற்கேயுள்ள ஓய்மாநாட்டின் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையிலும் பாணர் அடுக்களையின் வறுமையைக் காளானே காட்டுகிறது. இக்குறிப்பு இருபதாம் நூற்றாண்டில் தலைகீழாகிறது. 1943இல் கோயம்புத்தூரில் வைக்கோற்காளான் வளர்க்கப்பட்டது. 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்னும் பால்காளான் இரகத்தை வெளியிட்டது. காளானில் கொழுப்பு குறைவு. உலர்நிலையில் புரதம் மிகுதி. வெயில் பட்டால் அதன் எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆகிறது. ஏரிப்பாசன நெல் விளையும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இதற்கான வைக்கோலும் கிடைக்கிறது. எரியாத அடுப்பில் தானே முளைத்த ஆம்பி, அறுவடைக்குப்பின் எஞ்சிய வைக்கோலில் பயிராக்கப்பட்டதே இம்மாற்றத்தின் அடிப்படை எனலாம்.